வீட்டைப் புதுப்பிக்கும்போது உள்ளக வடிவமைப்பாளரை எப்போது அமர்த்த வேண்டும்: இடிப்பதற்கு முன்பா, பின்பா?

பழையகூரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வசிக்கும் வீடு கட்டப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சமையலறையையும் கூடத்தையும் பிரிக்கும் சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், இரண்டு குளியலறைகளையும் முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும், சாமான்கள் அடைந்து கிடக்கும் சிறிய அறையைப் படிப்பறையாக மாற்ற வேண்டும் என்பது எங்கள் திட்டம். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறோம். அடுத்த மாதமே இடிக்கத் தொடங்கலாம் என்கிறார். உள்ளக வடிவமைப்பாளரை அமர்த்தலாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வேலை முடிகிற நேரத்தில், அலமாரியும் வண்ணமும் தேர்ந்தெடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார். என் கணவருக்கும் அதே எண்ணம்தான்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வடிவமைப்பாளரை அமர்த்துவதானால் இடிப்பதற்கு முன்பே அமர்த்த வேண்டுமா? அவருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு ஈடாக நம் கைக்கு உண்மையில் என்ன வந்து சேரும்? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வரைகோல் எழுதியது:

அம்மா, உங்கள் ஐயம் நியாயமானது. நான் இதே தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன். ஆகவே என் கருத்தில் தொழில்சார்பு இருக்கக்கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் உறுதியாகச் சொல்வேன்: உங்கள் வீட்டில் நடக்கவிருக்கும் அளவுக்கான வேலைக்கு வடிவமைப்பாளர் தேவை என்று முடிவு செய்தால், அவர் வர வேண்டிய நேரம் முதல் சம்மட்டி அடி விழுவதற்கு முன்புதான். அதன் பிறகு அழைக்கப்படுகிறவருக்கு வண்ணம் பூசவும் திரைச்சீலை தேர்ந்தெடுக்கவும் மட்டுமே இடம் இருக்கும்.

காரணத்தை ஒரே ஒரு மூலையை வைத்துச் சொல்கிறேன். குளியலறையில் கை கழுவும் தொட்டியைக் கடைசியில் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். மேடைக்குமேல் கிண்ணம்போல் அமரும் தொட்டியின் விளிம்பு, மேடையிலிருந்து 120 முதல் 150 மி.மீ. வரை உயர்ந்து நிற்கும். விளிம்பு தரையிலிருந்து 850 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டுமானால், மேடை 700 மி.மீ. அளவிலேயே நின்றுவிட வேண்டும். குழாய் சுவரிலிருந்து வருவதானால் அதன் உடற்பகுதியைப் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் முன்பே சுவருக்குள் பதித்தாக வேண்டும். அதன் வாய் தொட்டியின் விளிம்பைத் தாண்டி, தண்ணீர் கழிவுத் துளைக்கு அருகில் விழும் அளவுக்கு நீண்டிருக்கவும் வேண்டும். கண்ணாடியின் கீழ்விளிம்பு அந்தக் குழாய்க்கு மேலே வரும். கண்ணாடியின் இருபுறமும் விளக்கு வைப்பதென்றால், அவற்றுக்கான ஒயர் குழாயும் அதே சுவருக்குள்தான் போகும். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், கடையில் கடைசியாக வாங்கப்போகும் தொட்டிதான் சுவரில் முதன்முதலாகக் காடி (குழாயையும் ஒயரையும் பதிக்கும் பள்ளம்) வெட்ட வேண்டிய இடத்தைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும். பிளம்பர் வேலையைத் தொடங்கும் காலையில் தொட்டி எது என்று தெரியாவிட்டால், அவர் வழக்கமான உயரத்தில் ஒரு குழாயை விட்டுவிட்டுப் போவார். பிறகு நீங்கள் அந்தக் குழாய்க்குப் பொருந்துகிற தொட்டியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சமையலறையில் இதே பின்னல் பல மடங்காகிறது. குளிர்பதனப் பெட்டியைச் சுவரை ஒட்டி மூலையில் நெருக்கி வைத்தால் கதவு தொண்ணூறு பாகையோடு நின்றுவிடும். பல வகைப் பெட்டிகளில் உள்ளே இருக்கும் இழுப்பறைகளை வெளியே எடுக்கக் கதவு அதற்கும் மேல் திறக்க வேண்டும். மேடையின் உயரம், அங்கே அதிகம் நிற்பவரின் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. எதிரெதிரே இரண்டு மேடைகள் வருவதானால், ஒருவர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் நடுவே ஏறத்தாழ 1,050 மி.மீ., இருவர் சேர்ந்து வேலை செய்தால் 1,200 மி.மீ. இடைவெளி வேண்டும். 1926-இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தபோது, அங்கே வேலை செய்பவர் எதற்காக எங்கே நடக்கிறார், எத்தனை முறை திரும்புகிறார் என்பதைத்தான் முதலில் ஆராய்ந்தார். இரயில் உணவுப்பெட்டிகளின் நெருக்கமான சமையலறைகளும் அவருக்குப் பாடமாக இருந்தன. அலமாரிகளும் இழுப்பறைகளும் அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தவை. நல்ல வடிவமைப்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியதும் அதுதான்.

உங்கள் கைக்கு என்ன வரும் என்று கேட்டிருந்தீர்கள். இப்போதுள்ள வீட்டின் துல்லியமான அளவு வரைபடம், எதை இடிப்பது எதை விடுவது என்று காட்டும் வரைபடம், புதிய அமைப்பின் தரைப்படம், ஒவ்வொரு சுவரையும் நேருக்கு நேர் நின்று பார்ப்பதுபோல் உயரங்களோடு காட்டும் சுவர்ப்படம், மின் இணைப்புப் புள்ளிகளும் தண்ணீர்க் குழாய்ப் புள்ளிகளும் குறித்த படங்கள், மேற்கூரைப் படம், பொருள்களின் வகையும் அளவும் எழுதிய அளவுப் பட்டியல் ஆகியவை வர வேண்டும். இவை இல்லாமல் வண்ணப் படங்கள் மட்டும் வந்தால், நீங்கள் கட்டணம் கொடுத்த வேலை பாதிகூட நடக்கவில்லை என்று பொருள்.

தூக்குக்குண்டு எழுதியது:

வரைகோல் அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில், பழையகூரை அம்மையாரின் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவர் சுமை தாங்கும் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்பதை உள்ளக வடிவமைப்பாளர் தீர்மானிக்கக் கூடாது. ஒப்பந்தக்காரரும் தீர்மானிக்கக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வீடுகளில் கணிசமானவை தூணும் பீமும் இல்லாமல், செங்கல் சுவர்களின்மேலேயே தளம் அமர்ந்திருப்பவை. சுவரின் பருமனைப் பார்த்தாலோ தட்டிப் பார்த்தாலோ உறுதியாகத் தெரியாது. தளத்தின் கம்பிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, மேல் தளத்தில் அதே இடத்தில் சுவர் இருக்கிறதா, கீழே அஸ்திவாரம் தொடர்கிறதா என்பதையெல்லாம் பார்த்து, எடுக்கலாமா, எடுத்தால் எந்த அளவில் பீம் கொடுக்க வேண்டும், பீம் தாங்கும்வரை எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் உங்கள் சுவர் மேலே இருப்பவரின் வீட்டையும் தாங்கிக்கொண்டிருக்கலாம். உள்ளாட்சியின் அனுமதியோ குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலோ தேவையா என்பதையும் அதே சமயத்தில் விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று, தண்ணீர் போகிற வழி. படத்தில் கழிப்பறைப் பீடத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்துவது சுலபம். கழிவுக் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, வேண்டுமே! நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் 4 மீட்டர் தள்ளி வைத்தால் குழாய் 100 மி.மீ. இறங்கியாக வேண்டும், குழாயின் விட்டமே ஏறத்தாழ 110 மி.மீ. இருக்கும். இந்த ஆழம் தரைக்குள் கிடைக்காவிட்டால், ஒன்று கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில் குழாயைத் தொங்கவிட வேண்டும், அல்லது குளியலறைத் தரையை உயர்த்தி வாசலில் ஒரு படி வைக்க வேண்டும். இரண்டையும் நீங்கள் விரும்பப்போவதில்லை. பீடத்தைச் செங்குத்துக் கழிவுக் குழாய்க்கு அருகிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை நகர்த்துகிற வடிவமைப்பாளரை நம்பலாம். முதல் சந்திப்பிலேயே பீடத்தைத் தள்ளிவைத்துப் படம் போடுகிறவர், தரைக்கு அடியில் இருப்பதை இன்னும் பார்க்கவில்லை.

பழைய வீடு என்பதால், சுரண்டப்போகும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா, கூரைத் தகடுகளிலோ பழைய குழாய்களிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்பதைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். இவற்றின் தூள் உடலுக்குக் கேடு; உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கிய பிறகு தெரிந்து பயனில்லை. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதில் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளாதீர்கள்.

செலவுக்கணக்கு எழுதியது:

நான் சற்று மாறுபட்டுச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டில் ஒரு குளியலறையையும் சமையலறை மேடையையும் வடிவமைப்பாளர் இல்லாமல்தான் புதுப்பித்தோம். குழாய்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, சுவர் எதையும் தொடவில்லை, பழைய டைல்ஸை எடுத்துவிட்டுப் புதியது பதித்தோம். நல்ல கொத்தனாரும் பொறுமையான பிளம்பரும் அமைந்ததால் எல்லாம் சரியாகவே முடிந்தது. இத்தகைய வேலைக்கு வடிவமைப்பாளர் கட்டணம் கொடுப்பதைவிட, அந்தத் தொகையை நல்ல குழாய்களிலும் நீர்க்கசிவுத் தடுப்பிலும் போடுவதே மேல் என்பது என் எண்ணம். ஆகவே புதுப்பிக்கிற எல்லோருக்கும் வடிவமைப்பாளர் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்.

என் தயக்கத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. உறவினர் ஒருவர் வீட்டில் அமர்த்தப்பட்ட வடிவமைப்பாளர், டைல்ஸுக்கு ஒரு கடை, விளக்குக்கு ஒரு கடை, பிளைவுட்டுக்கு ஒரு கடை என்று தாமே சொன்ன இடங்களுக்கு மட்டும் அழைத்துப் போனார். அதே பொருள் வேறிடத்தில் குறைவான விலைக்குக் கிடைக்கிறது என்று காட்டியபோதெல்லாம் தரம் வேறு என்று சொல்லித் தட்டிக்கழித்தார். அந்தக் கடைகள் அவருக்குக் கமிஷன் கொடுத்தது வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. கட்டணமும் வாங்கிக்கொண்டு கமிஷனும் வாங்கினால், அவர் யாருக்காக வேலை செய்கிறார்? வரைகோல் அவர்கள் இதற்கு நேரடியாகப் பதில் சொன்னால் நல்லது.

வரைகோல் எழுதியது:

செலவுக்கணக்கு அவர்களே, நேரடியாகவே சொல்கிறேன். கமிஷன் வாங்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்குவது நம்பிக்கைத் துரோகம் என்பதே என் கருத்து. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, "விற்பனையாளர்களிடமிருந்து உங்களுக்கு ஏதேனும் தொகை வருமா? வருமானால் அது என் கணக்கில் கழிக்கப்படுமா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதான். நேர்மையானவர் இந்தக் கேள்வியால் புண்பட மாட்டார். கடைகள் வடிவமைப்பாளருக்குத் தரும் தொழில்முறைத் தள்ளுபடி என்று ஒன்றும் உண்டு; அதை முழுமையாக வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிறவர்களும், ஒரு பகுதியைத் தம் கட்டணமாக வெளிப்படையாக வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் எழுத்தில் இருந்தால் தகராறில்லை.

கட்டண முறையும் இதோடு சேர்ந்ததே. மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வது, பரப்பளவுக்கு இவ்வளவு என்பது, மணிக்கணக்கு, வேலையின் மொத்தச் செலவில் ஒரு விழுக்காடு என்று நான்கு விதமாகவும் கேட்பார்கள். விழுக்காட்டு முறையில் உங்கள் செலவு கூடக்கூட அவருடைய வருமானமும் கூடும் என்பதால், சிக்கனமாக ஒரு வழி சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்குத் தூண்டுதல் குறைவு. நான் பரிந்துரைப்பது, வேலையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிலையான தொகை பேசிக்கொள்வது. அளவெடுத்து, இரண்டு மூன்று தரைப்பட யோசனைகள் கொடுப்பது முதல் கட்டம். அதோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். அந்தப் படங்களை வேறொருவரிடம் கொண்டுபோய்ப் பயன்படுத்தும் உரிமையும் இருக்க வேண்டும். பிடித்திருந்தால் அடுத்த கட்டம் வேலைப்படங்கள், அதாவது நான் முன்பு பட்டியலிட்ட அளவு போட்ட படங்கள்; அதன் பிறகு வேலை நடக்கும்போது மேற்பார்வை. மேற்பார்வை என்று பொதுவாக எழுதாமல், எந்தெந்த நிலையில் அவர் நேரில் வந்து பார்ப்பார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"வடிவமைப்பு இலவசம்" என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அங்கே வடிவமைப்பின் செலவு அலமாரியின் விலைக்குள் அடங்கியிருக்கும். அதில் குற்றமில்லை. ஆனால் அலமாரி விற்பவருடைய வடிவமைப்பாளர், "இந்தச் சுவரில் அலமாரியே வேண்டாம், சன்னலைப் பெரிதாக்குங்கள்" என்று சொல்வது அரிது.

வடிவமைப்பாளரின்றி முடித்ததாக நீங்கள் சொன்ன வேலையைப் பொறுத்தவரை உங்கள் முடிவு சரியானதே. இருக்கும் இடத்திலேயே பழையதை எடுத்துப் புதியது வைப்பதற்கு நல்ல கொத்தனார் போதும். சுவர் நகர்ந்தாலோ, குழாய் இடம் மாறினாலோ, ஓர் அறை வேறு பயனுக்குப் போனாலோ கதை வேறு. பழையகூரை அம்மையாரின் திட்டத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன.

கரணை எழுதியது:

நான் ஒப்பந்தக்காரன். மேலே ஒப்பந்தக்காரர் சொன்னதாக எழுதப்பட்டதைப் படித்ததும் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. வரைபடம் இல்லாமல் வேலை எடுப்பது எங்களுக்கும் நல்லதல்ல. "இரண்டு குளியலறை, ஒரு சமையலறை" என்று மட்டும் சொல்லி மூன்று பேரிடம் விலை கேட்டால், மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வீடுகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தொகை சொல்வோம். ஒருவர் நீர்க்கசிவுத் தடுப்பைச் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். ஒருவர் இடிபாட்டை அப்புறப்படுத்துவதையும் கணக்கிட்டிருப்பார், மற்றவர் அது வீட்டுக்காரர் பொறுப்பு என்று நினைத்திருப்பார். குறைந்த தொகை சொன்னவருக்கு வேலை போகும். பிறகு விட்டுப்போனதெல்லாம் ஒவ்வொன்றாகக் கூடுதல் வேலை என்று பட்டியலில் ஏறும். மனக்கசப்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. அளவுப் பட்டியலும் படங்களும் இருந்தால் எல்லோரும் ஒரே வேலைக்கு விலை சொல்வோம்.

அதே சமயம் வடிவமைப்பாளர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு; மரியாதையோடுதான் சொல்கிறேன். கணினியில் செய்த முப்பரிமாணப் படங்களைக் கொடுத்துவிட்டு, அளவு கேட்டால் "படத்தில் இருக்கிறதைப் போலச் செய்யுங்கள்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தில் விளக்கின் வெளிச்சம் அழகாக விழுகிறது, ஆனால் சுவிட்ச் எங்கே என்று இல்லை. கட்டிலின் தலைமாட்டில் பிளக் பாயிண்ட் தரையிலிருந்து எத்தனை மி.மீ. உயரம், பக்க மேசைக்குப் பின்னால் மறைந்துவிடுமா, கதவைத் திறந்தால் சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய்விடுமா என்பதெல்லாம் எலக்ட்ரீஷியன் காடி வெட்டும் நாளில் எனக்குத் தெரிய வேண்டும். படத்தை நீங்கள் ரசிக்கலாம். எனக்கு அளவு போட்ட தாள் வேண்டும்.

பழைய வீடுகளில் சுவர்கள் மூலைமட்டத்தில் இருப்பதில்லை. மூன்று மீட்டர் நீளமுள்ள எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டின் இடைவெளியில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இரண்டு செ.மீ. வேறுபாடு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே இறுக்கமாகப் பொருந்தும்படி செய்து கொண்டுவந்த அலமாரி உள்ளே போகாது. ஆகவே அலமாரிக்கான இறுதி அளவைப் பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். அமைப்பை முன்பே முடிவு செய்வது வேறு, மரத்தை அறுக்கும் அளவை எடுப்பது வேறு. பல தகராறுகள் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருகின்றன.

பழையகூரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கணவரையும் இந்தப் பதிவுகளைப் படிக்கச் சொன்னேன். சுவரைப் பற்றித் தூக்குக்குண்டு ஐயா எழுதியதைப் படித்ததும், பொறியாளரைப் பார்க்காமல் எதையும் தொட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஒப்பந்தக்காரரிடமும் தொடங்கும் தேதியைத் தள்ளிவைக்கப் பேசவிருக்கிறோம்.

முன்பு சொல்ல விட்டுப்போன ஒன்று உண்டு. என் மாமியார் எங்களோடு இருக்கிறார். இப்போது கைத்தாங்கியைப் பிடித்து நடக்கிறார். வரும் ஆண்டுகளில் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குளியலறை அமைப்பில் இதற்காக என்ன செய்ய வேண்டும்? வடிவமைப்பாளர்களைச் சந்திக்கும்போது எப்படி எடைபோடுவது?

சாய்தளம் எழுதியது:

சகோதரி, என் தந்தைக்காக இதே வேலையைச் செய்தவள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் கடைசிப் பதிவைப் படித்த பிறகு, முன்பே வடிவமைப்பது உங்கள் வீட்டுக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். கதவின் வழியாகச் சக்கர நாற்காலி நுழைய, கதவு திறந்த நிலையில் குறைந்தது 815 மி.மீ. அளவு தடையின்றி இருக்க வேண்டும், 900 மி.மீ. இருந்தால் கை முட்டி இடிபடாது. நிலைச்சட்டத்தின் அகலத்தையும் கதவின் பருமனையும் கழித்த பிறகு மிஞ்சுவதையே கணக்கிட வேண்டும். நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 1,500 மி.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும்.

குளிக்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே படியோ வரம்போ இருக்கக் கூடாது. அப்படியானால் தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் குளிக்கும் பகுதியின் தரைக்கு ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் வாட்டம் கொடுக்க வேண்டும். அந்த ஆழத்தைத் தரையை இடிக்கும்போதே எடுத்துக்கொண்டால்தான் உண்டு. கைப்பிடிக் கம்பிகளை இப்போது வைக்காவிட்டாலும், முழு எடையைத் தாங்கும் உறுதி அந்த இடத்துச் சுவரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்புப் பலகைச் சுவரானால் உள்ளே கனமான மரப்பலகை கொடுத்து மூட வேண்டும். எங்கே கொடுத்தோம் என்று அளவோடு எழுதி வைத்தால், பின்னாளில் டைல்ஸைத் துளையிட்டுக் கம்பி பொருத்துவது எளிது. மருத்துவமனைபோல் ஆகிவிடுமோ என்ற கவலை எனக்கும் இருந்தது. ஆனால் அகலமான வாசலும் படியற்ற தரையும் வழுக்காத டைல்ஸும் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் வசதியாகவே இருக்கின்றன.

வரைகோல் எழுதியது:

சாய்தளம் அவர்கள் எழுதியதை அப்படியே அச்சிட்டு வடிவமைப்பாளரிடம் கொடுக்கலாம். அதோடு, மாமியாரின் தேவைகளை அவரிடமே கேட்டு வடிவமைக்கச் சொல்லுங்கள். முதல் சந்திப்பில் அவரோடு பேசாமல், உங்களிடம் மட்டும் வண்ணங்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறவர் உங்களுக்குப் பொருந்த மாட்டார்.

எடைபோடும் முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடிந்த வீடுகளின் புகைப்படங்களை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, அந்த வீடுகளில் ஒன்றுக்கு அவர் கொடுத்த வேலைப்படங்களின் முழுத் தொகுப்பை. ஒரு குளியலறைக்கான தாள்களைப் புரட்டிப் பார்த்து, குழாயின் உயரம் எவ்வளவு, டைல்ஸ் எந்த மூலையிலிருந்து தொடங்குகிறது, வெட்டுத்துண்டு எந்தப் பக்கம் வருகிறது என்பவற்றுக்கெல்லாம் உங்களாலேயே பதில் கண்டுபிடிக்க முடிந்தால், அவர் வேலை தெரிந்தவர். முடிந்தால், அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செய்து முடித்த வீட்டுக்காரரோடு பேசுங்கள். புதிதாக முடிந்த வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இழுப்பறைகள் தொங்கிவிட்டனவா, குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஈரம் வந்ததா, வெள்ளை நிறத்தை இன்னமும் தாங்க முடிகிறதா என்பது குடியிருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சந்திப்புக்குப் போகும் முன் நீங்களும் தயாராக வேண்டும். யார் யார் எந்த நேரத்தில் எந்த இடத்தைப் பயன்படுத்துகிறீர்கள், இப்போதைய வீட்டில் எது தினமும் தொந்தரவு தருகிறது, புதுப்பித்த பிறகும் வீட்டில் இருக்கப்போகும் அறைகலன்களின் அளவுகள் என்ன, சமையலறைப் பாத்திரங்களும் கருவிகளும் எவ்வளவு என்பதை எழுதி வையுங்கள். உச்சவரம்பான தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். அதில் ஒரு பகுதியை எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்வது சரியான முறை. பழைய வீட்டுக்கு நான் 15 முதல் 20 விழுக்காடு ஒதுக்கச் சொல்வேன். டைல்ஸை எடுத்த பிறகுதான் அடியில் துருப்பிடித்த குழாய் கண்ணில் படும்.

செலவுக்கணக்கு எழுதியது:

கமிஷன் பற்றி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. அம்மையாரின் வீட்டுக்கு முதலிலேயே வடிவமைப்பாளர் வேண்டும் என்பதை ஏற்கிறேன். சிறிய வேலைகளைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

வாங்குவதைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். தேர்வுகள் முன்பே முடிந்துவிட்டால், பொருள்கள் வந்து சேர்ந்த பிறகு இடிக்கத் தொடங்கலாம். குளியலறையை இடித்துப் போட்டுவிட்டு, பிடித்த டைல்ஸ் வரப் பல வாரங்கள் ஆகும் என்று கேள்விப்பட்டால், கடையில் இருப்பதை வாங்கத்தான் மனம் போகும். டைல்ஸைத் தேவைக்குமேல் 10 விழுக்காடு கூடுதலாக, மூலைவாட்டில் பதிப்பதானால் 15 விழுக்காடு கூடுதலாக, ஒரே நேரத்தில் ஒரே தொகுதி எண்ணில் வாங்கிவிடுங்கள். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் மாறினால், அதே டைல்ஸில் நிறச்சாயல் வேறாக இருக்கக்கூடும்.

பழையகூரை எழுதியது:

இரண்டு வடிவமைப்பாளர்களைச் சந்தித்துவிட்டோம். ஒருவர் வேலைப்படங்களைக் காட்டத் தயங்கினார். மற்றவர் தாள்களைப் பரப்பி வைத்து, மாமியாரை எழுந்து நடக்கச் சொல்லி, அவர் எங்கே கையை ஊன்றுகிறார் என்று குறித்துக்கொண்டார். அவரோடு முதல் கட்டத்துக்கு மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளப்போகிறோம். பொறியாளரும் அளவெடுக்கும் நாளிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார். சமையலறை வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம்: மேற்கூரையில் வரிசையாக விளக்குகள் போட்டுவிட்டால் போதாதா?

வரைகோல் எழுதியது:

போதாது, அம்மா. மேடைக்கு முன்னால் நீங்கள் நிற்கும்போது கூரை விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னாலோ தலைக்கு மேலேயோ இருக்கும். உங்கள் நிழல் வெட்டும் பலகையின்மேல் விழும். மேல் அலமாரியின் அடிப்பகுதியில், முன்விளிம்பை ஒட்டி ஓர் எல்இடி பட்டை கொடுத்தால் மேடை முழுவதும் நிழலின்றித் தெரியும். அதற்கான ஒயரையும் தனிச் சுவிட்ச்சையும் பூச்சுக்கு முன்பே குறித்துவிட வேண்டும். கூடமும் சமையலறையும் ஒன்றாகப்போவதால் இரண்டிலும் ஒரே நிறவெப்பநிலை (வெளிச்சம் மஞ்சளாகவா வெண்மையாகவா என்பதைக் காட்டும் அளவு) இருக்கட்டும். 3,000 கெல்வின் இரண்டுக்கும் பொருந்தும். பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. குறியீடு 90-க்கு மேல் உள்ள விளக்காகக் கேளுங்கள். மின்தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்பு வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான்கு வட்டங்கள் கொண்ட அடுப்பு 7 கிலோவாட் வரை இழுக்கும் என்பதால் அதற்குத் தனி ஒயரும் தனி மின்சுற்று முறிப்பானும் (சர்க்யூட் பிரேக்கர்) வேண்டும். முப்பது ஆண்டு பழைய ஒயர்களில் அதை இணைக்கவே கூடாது.

தூக்குக்குண்டு எழுதியது:

வேலை தொடங்கிய பிறகு செய்ய வேண்டிய இரண்டு காரியங்களை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். குளியலறைத் தரையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், கழிவுத் துளையை அடைத்துத் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்தில் ஈரம் இறங்குகிறதா என்று வடிவமைப்பாளர், ஒப்பந்தக்காரர் இருவர் முன்னிலையிலும் பார்க்க வேண்டும். அது தேறாமல் ஒரு டைல்ஸ்கூடப் பதிக்கக் கூடாது.

குழாய்களையும் ஒயர்களையும் சுவருக்குள் வைத்த பிறகு, பூசி மூடுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் நேராகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் உள்ள தூரம் நாடாவில் படிக்கும்படி இருக்க வேண்டும். அந்தப் படங்களின் ஒரு பிரதி வடிவமைப்பாளரிடமும் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். மாமியாருக்கான கைப்பிடிக் கம்பிக்குத் துளையிட வருகிறவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.